படைப்பாளியின் வாக்குமூலம்

1

தமிழில் ஒரு பெரிய எழுத்தாளன் தான் எழுதுவது எப்படி என்று பேச ஆரம்பித்ததும், எதிரே இருப்பவர்கள் வாசகர்களாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் சீடர்களாகிவிடுகிறார்கள். சிலர் துப்பறிய ஆரம்பிக்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் நோட்டும் பேனாவுமாகச் செய்முறை குறித்துக்கொள்கிறார்கள். மூன்று கோஷ்டிக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் போய் அந்த எழுத்தாளனின் கதையை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும் என்று மூவருக்குமே தோன்றுவதில்லை. படித்த கதை பழையது. கேட்ட பேச்சு புதிது. கதை இருக்கவேண்டிய இடத்தில் பேச்சு உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சாதாரண விஷயமாக நான் நினைக்கவில்லை. இன்று ஒரு நாவல் வெளிவந்தால் அதைப்பற்றி முதலில் வருவது அதன் ஆசிரியரின் பேட்டி. விமர்சனம் என்பது பின்னால் வருகிறது. பல சமயம் பேட்டியில் சொல்லப்பட்டதையே உத்தரவு வாங்கிக்கொண்ட தோரணையில் திருப்பிச் சொல்கிறது. ஆசிரியர் இது நினைவின் நாவல் என்றால் விமர்சகனுக்கும் அது நினைவின் நாவல். ஆசிரியர் தாம் வடிவத்தை உடைத்ததாகச் சொன்னால், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் காட்டுவதோடு விமர்சகன் வேலை முடிகிறது. எழுத்தாளன் தன் கைவேலையைப்பற்றிப் பேசக்கூடாது என்பதல்ல என் கட்சி. அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்று நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதைத்தான் இங்கு கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

செய்முறை கேட்பவனை முதலில் தள்ளிவிடலாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ரா.கி. ரங்கராஜன் எப்படிக் கதை எழுதுவது என்று தபால் மூலமாகவே பாடம் நடத்தினார். சுஜாதா திரைக்கதை எழுதுவது எப்படி என்று புத்தகமே எழுதினார். இரண்டும் நேர்மையான காரியங்கள். பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் இன்ன அளவில், இன்ன வேகத்தில் சரக்கு வேண்டும். அதை இப்படித் தயாரிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கும் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருந்தது. குழப்பம் அங்கே இல்லை.

துப்பறிகிறவனும் ஆபத்தில்லாதவன்தான். 'மோக முள்'ளின் யமுனா யார் என்று கேட்டு, கும்பகோணம் துக்காம்பாளையத் தெருவில் வீடு தேடுகிறவன் அவன். தி. ஜானகிராமன் தம் நாவலைப்பற்றி எது சொன்னாலும் அவன் காதில் விழுவது ஒரு விலாசம்தான். விலாசம் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோய் விட்டுவிடுவான்.

சீடன்தான் சிக்கலானவன். ஏனென்றால் அவன் நம் வட்டத்து ஆள். கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அவன்தான். மௌனி எழுதியவை இருபத்துச் சொச்சம் கதைகள். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மௌனியைப் படிக்கிறவன் மந்திரத்தைப் படிக்கிற பாவனையில்தான் படிக்கிறான். மந்திரத்தை யாரும் விமர்சிப்பதில்லை. உச்சாடனம் செய்வதோடு சரி.

2

புதுமைப்பித்தன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். தம் எழுத்தைப்பற்றித் தாமே பேசியவர்களில் அவர் அளவுக்கு நம்மைக் கெடுத்தவர் வேறு எவரும் இல்லை. குற்றம் அவருடையதல்ல, நம்முடையது.

1943-இல் வந்த 'காஞ்சனை' தொகுப்புக்கு அவர் எழுதிய முன்னுரை உண்டு. 'என் கதைகளும் நானும்' என்ற கட்டுரையும் உண்டு. முன்னுரையில், தம் கதைகள் உலகத்தைக் கடைத்தேற்றும் வேலையை மேற்கொண்டவையல்ல என்று முதலிலேயே கையை உதறிவிடுகிறார். கட்டுரையில், கதை பிறந்த கதையைக் கேட்கிறவனிடம், ரிஷிமூலம் நதிமூலம் விசாரிக்காதே என்ற பழமொழிப் பக்கம் சாய்ந்துகொள்கிறார். தாம் எடுத்த எடுப்பில் எழுதுவதாகவும் சொல்கிறார். இந்தக் கடைசி விஷயம் தமிழில் செய்திருக்கும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. எடுத்த எடுப்பில் எழுதி, திருப்பிப் படிக்காமல் தபாலில் போடுவதுதான் மேதையின் லட்சணம் என்று மூன்று தலைமுறை எழுத்தாளர்கள் நம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளில் மேதையைத் தவிர மற்றதெல்லாம் இருந்தன.

ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். எடுத்த எடுப்பில் எழுதியும் கதை தேறுகிறதென்றால், எழுதப்படாத கதைகள் பல நெஞ்சுக்குள் எப்போதும் கிடங்காகக் கிடப்பதுதான் காரணம் என்கிறார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வேகம் கண்ணில் பட்டது. கிடங்கு கண்ணில் படவில்லை. வேகம் பின்பற்றுவதற்குச் சுலபம். கிடங்குக்கு வருஷங்கள் வேண்டும்.

சரி, அவர் சொன்னதை முழுதாகவே எடுத்துக்கொண்டாலும் அது போதுமா? 'செல்லம்மாள்' கதையைப் பாருங்கள். செல்லம்மாளின் மரணத்தில் கதை ஆரம்பிக்கிறது. பிறகு பின்னால் போய், அவள் உயிரோடிருந்த நேரத்தை, பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் செய்த பணிவிடைகளை, கொஞ்சம் கொஞ்சமாக நமக்குக் காட்டிக்கொண்டு வருகிறது. முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் அடுத்தது என்ன என்ற ஆவலுக்கு அங்கே வேலை இல்லை. அவர் வெந்நீர் வைப்பதும், கால் பிடிப்பதும், கடையிலிருந்து திரும்பி வருவதும் நடந்து முடிந்த சாவின் வெளிச்சத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு பணிவிடையும் அதனாலேயே இரண்டு மடங்கு கனக்கிறது. இதே சம்பவங்களை நடந்த வரிசையில் எழுதியிருந்தால் ஏழைக் குமாஸ்தாவின் மனைவி செத்துப்போன ஒரு கண்ணீர்க் கதை கிடைத்திருக்கும். அன்றைய பத்திரிகைகளில் அப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமில்லை.

இந்த வரிசை மாற்றம் எடுத்த எடுப்பில் வந்ததா, கிடங்கிலேயே இப்படித்தான் கிடந்ததா? ஆசிரியரின் வாக்குமூலத்தில் இதற்குப் பதில் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வாக்குமூலத்தை மட்டும் கையில் வைத்திருக்கிற வாசகனுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. நஷ்டம் அதுதான்.

3

ஆங்கிலம் படித்தவர்களுக்கு எட்கர் ஆலன் போ ஞாபகம் வரும். பி.ஏ. வகுப்பில் தேர்வுக்காக நான் அவரைப் படித்தேன். 1845-இல் அண்டங்காக்கையைப்பற்றி ஒரு கவிதை வெளியிட்டுப் பெரும் புகழ் அடைந்தார். மறு வருஷம், 1846-இல், அந்தக் கவிதையைத் தாம் எழுதிய விதத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். எத்தனை வரி இருக்கவேண்டும், என்ன பாதிப்பை உண்டாக்கவேண்டும், பல்லவியாகத் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு எந்த ஒலி பொருத்தம், எந்த விஷயம் மிகவும் சோகமானது என்று ஒவ்வொன்றாகத் தர்க்கம் பண்ணி, கணக்குப் போடுவதுபோல முடிவிலிருந்து பின்னோக்கிக் கவிதையைக் கட்டியதாக அதில் சொல்கிறார்.

வாசகர்களின் எதிர்வினை தேசத்துக்குத் தேசம் வேறுபட்டது சுவாரஸ்யமான விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். போதலேர் அதை மொழிபெயர்த்தார். மலார்மே, வலேரி என்று ஒரு பரம்பரையே கவிதை என்பது பிரக்ஞை பூர்வமான கட்டுமானம் என்ற எண்ணத்தை அதிலிருந்து எடுத்து வளர்த்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அவ்வளவு சுலபத்தில் நம்பவில்லை. எலியட் 1948-இல் போவிலிருந்து வலேரி வரையிலான இந்தப் பாதையைப்பற்றிப் பேசியபோது, போ நம்மைக் கேலி செய்திருக்கலாம், அல்லது தம்மையே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டவருடைய கவிதை இன்னும் மேலாக அமைந்திருக்க வேண்டாமா என்பது அவர் சந்தேகத்தின் உட்கிடை.

யார் சொன்னது சரி என்பது இங்கு பிரச்னை அல்ல. போ சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அந்தப் பொய்யிலிருந்து ஒரு பெரிய கவிதை மரபு முளைத்தது. வாக்குமூலம் உண்மையா என்பது ஒரு கேள்வி; அது பயன்படுமா என்பது வேறு கேள்வி. பிரெஞ்சுக் கவிகள் போவின் சீடர்களைப்போலத் தோன்றினாலும் அவர் கவிதையை நகல் பண்ணவில்லை. கட்டுரையை ஒரு சிருஷ்டியாகவே எடுத்துக்கொண்டு அதற்குத் தங்கள் கவிதையில் பதில் எழுதினார்கள்.

தமிழில் உத்தி, உருவம் என்ற சொற்களை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து'வை ஆரம்பித்து, 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். கதையை வரி வரியாகப் பிரித்து, இந்த இடத்தில் இந்த உத்தி என்று காட்டிய அவர் முறை பலருக்குச் சலிப்பூட்டியது. பள்ளிக்கூட வாத்தியார் என்றார்கள். ஆனால் 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' புத்தகத்தைத் திறந்தால் தெரியும்: அவர் ஆதாரமாகக் காட்டுவது கதையை. எழுதியவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அவருடைய முடிவுகளோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடு இல்லை. உடன்படாமல் இருப்பது சாத்தியமாக இருப்பதே கதையை அவர் நடுவில் வைத்ததால்தான். ஆசிரியரின் பேட்டியை நடுவில் வைத்து எழுதப்படும் கட்டுரையோடு சண்டை போட முடியாது. அவரே சொல்லியிருக்கிறார் என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

4

இனி ஜெயகாந்தன். வாசகர்களோடு இத்தனை சத்தமாக, இத்தனை காலம் பேசிய தமிழ் எழுத்தாளர் வேறு யாரும் இல்லை. முன்னுரை என்பதையே ஒரு தனி இலக்கிய வகையாக்கியவர் அவர். புத்தகம் வாங்கி, முன்னுரையை மட்டும் இரண்டு தடவை படித்த வாசகர்களை எனக்குத் தெரியும்.

1966-இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. நான் பிறப்பதற்கு இருபது வருஷங்களுக்கும் மேல் முந்திய சமாசாரம். ஆனாலும் அதைப்பற்றிய பேச்சு எங்கள் பாங்கில் ரிடையராகும் வயதிலிருந்தவர்கள்வரை ஓயாமல் இருந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவளை முதலில் அடிக்கிறாள். பிறகு உள்ளே இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கண்டனங்கள் குவிந்தன. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்பதுதான் கேள்வி. ஆசிரியர் விடவில்லை. தாய் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே நாவலாக எழுதினார். அதுதான் 1970-இல் புத்தகமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது.

இந்த விவகாரத்தில் வாசகர்கள் பேசியது முழுக்க ஒழுக்கத்தின் தளத்தில். ஆசிரியர் பதில் சொன்னதும் பெரும்பாலும் அதே தளத்தில்தான். கைவேலையைப்பற்றி இருவருமே அதிகம் பேசவில்லை. கதையை மறுபடி படித்தால் வேறொன்று தெரிகிறது. தாய் தண்ணீர் கொட்டும் இடத்தைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கதை திரும்பும் இடம் அதற்குச் சற்று முன்பு இருக்கிறது. மகளை அடிக்கிற சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரிக்கும்போது, மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள், அதனால்தான் என்று தாய் சொல்லிவிடுகிறாள். ஒரு சின்னப் பொய். அதைச் சொன்ன கணத்தில்தான் அவள் மகள் பக்கம் வந்து சேருகிறாள். தண்ணீர் அதற்கப்புறம். இந்தப் பொய் இல்லாவிட்டால் தண்ணீருக்கு அர்த்தமே இல்லை. பத்துக் குடித்தனம் கூடி நிற்கும் இடத்தில் யார் தலையில் தண்ணீர் கொட்டி என்ன பிரயோஜனம்?

நாவல் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். அதே இடத்தில்தான். நாவலில் வரும் தாய்க்கு அந்தப் பொய் வாயில் வருவதில்லை. அவள் அலறல் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். கங்காவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததன் விளைவு. எவ்வளவு நுட்பமான கை! முன்னுரையில் சமூகம், தர்மம், பெண் என்று உரக்க வாதாடுகிற அதே மனிதருடைய கை, எழுதும்போது, கதையின் ஆணி எங்கே இறங்கியிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதைமட்டும் பிடுங்கிப் பார்க்கிறது. வாசகர்களின் எதிர்ப்புக்கு உண்மையான பதில் இதுதான். முன்னுரையில் அல்ல, கதையமைப்பில் இருக்கிறது அது.

இன்னொரு அம்சமும் உண்டு. நாவலுக்குள்ளேயே 'அக்னிப் பிரவேசம்' ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளன் எழுதியதாக. தாயும் மகளும் அதைப் படிக்கிறார்கள். தாய், நானும் இப்படிச் செய்திருக்கலாமே என்று உருகுகிறாள். மகள், இது என் கதையல்லவா, இவனுக்கு எப்படித் தெரியும் என்று அதிர்கிறாள். வாசக எதிர்வினையின் இரண்டு பெரிய வகைகளை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகனும் சொன்னதில்லை. தாய் கதையைத் தன் செயலுக்கு உரைகல்லாக்குகிறாள். மகள் துப்பறிகிறாள். கதை நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்கிற நிலைமையிலும் அவர்கள் இல்லை. நாம் அந்த நிலைமையில் இருக்கிறோம். நாம் கேட்கலாம்.

கேட்டால் குறையும் தெரிகிறது. தலைப்பில் நெருப்பு, நடப்பது தண்ணீர். இந்த முரணை வாசகன் தானே கண்டுகொள்ள விட்டிருக்கலாம். ஆனால் தாயே, இந்தத் தண்ணீரை நெருப்பாக நினைத்துக்கொள் என்று மகளுக்கு விளக்கிவிடுகிறாள். விளக்கம் மகளுக்கல்ல, நமக்கு. அதாவது ஜெயகாந்தனின் முன்னுரை புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆரம்பிப்பதாக நினைப்பது பிசகு. அது கதைக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. அவருடைய பலவீனமான கதைகள் எல்லாமே கதைக்குள் புகுந்துவிட்ட முன்னுரைகள்தாம். முன்னுரைகளை ஒதுக்கிவிட்டுக் கதைகளைப் படிப்பேன் என்கிறவர்களுக்கும், முன்னுரையே போதும் என்கிறவர்களுக்கும் இது தெரிய நியாயமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

5

எங்கள் மதுரையில் ஜி. நாகராஜன் நேர் எதிர். கணித வாத்தியார். கல்லூரியிலும் டுடோரியல்களிலும் பாடம் நடத்தியவர். 1981-இல் இங்கேயே இறந்தார். 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே' என்ற இரண்டு சிறிய நாவல்களும் கொஞ்சம் சிறுகதைகளும் போதும் அவரை நிறுத்த. 'குறத்தி முடுக்கு'வுக்கு அவர் எழுதிய முன்னுரை சில வரிகள்தாம். நாட்டில் நடப்பதைத்தான் சொல்லியிருப்பதாகவும், பிடிக்காதவர்கள் இப்படியெல்லாம் ஏன் நடக்கிறது என்று வேண்டுமானால் கேட்கலாம், ஏன் எழுதவேண்டும் என்று கேட்டுத் தப்பிக்கக்கூடாது என்றும் சொல்கிறார்.

வாசகனை முன்கூட்டியே மடக்கிய முன்னுரைகளில் இதற்கு இணையாகத் தமிழில் வேறொன்று இல்லை. மடங்கியும் போனோம். ஆபாசம் என்றவர்கள் மடங்கினார்கள், அது நல்லது. ஆனால் அவரைக் கொண்டாடுகிறவர்களும் மடங்கிவிட்டார்கள். நாட்டில் நடப்பதைத் தைரியமாகச் சொன்னவர் என்பதே அவருக்கு நாம் கொடுத்த பட்டமாக நிலைத்துவிட்டது. நாட்டில் நடப்பதைச் சொல்வதுதான் காரியம் என்றால் போலீஸ் ஸ்டேஷன் டைரியிலும் அது இருக்கிறது. ஒரு மனிதனின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, கந்தன் செய்வதை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தும், ஒரு இடத்திலாவது அவனுக்காக வருத்தப்படவோ, அவனைப் பார்த்து முகம் சுளிக்கவோ செய்யாமல் முடிக்கிற அந்தக் கட்டுப்பாடு டைரியில் கிடையாது. கணக்கில் ஒரு படியும் அதிகமாக எழுதாதவரின் கட்டுப்பாடு அது. முன்னுரை இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தம்மை ஒரு நிருபராகக் காட்டிக்கொண்டு, கலைஞனை மறைத்துவிடுகிறது.

மறைத்தது அவர் உரிமை. மறைந்த இடத்தில் தேடாமல், அவருடைய குடியையும் அலைச்சலையும் பற்றிய கதைகளை நாற்பது வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருப்பது நம் சோம்பல். நாகராஜனை நேரில் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மதுரையில் இன்னும் கிடைக்கிறார்கள். அவருடைய ஒரு பத்தியைப் பிரித்துப் பார்த்தவர்கள்தாம் கிடைப்பதில்லை.

6

நான் வேலை பார்க்கும் பாங்கில் நகைக்கடன் மனுவில் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயத்துக்கு என்றால் வட்டி குறைவு. ஆகவே அந்தக் கட்டத்தில் விவசாயம் என்று எழுதுவார்கள். பணம் பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருக்கும், அல்லது ஆஸ்பத்திரிக்கு. நகை மதிப்பீட்டாளர் அந்தக் கட்டத்தைப் பார்த்து மதிப்புப் போடுவதில்லை. உரைகல்லை எடுத்து நகையைத் தேய்த்துப் பார்க்கிறார். நோக்கம் எதுவாக இருந்தாலும் சவரனுக்கு மாற்றுக் கூடவோ குறையவோ போவதில்லை.

அப்படியானால் அந்தக் கட்டமே வேண்டாத ஒன்றா? இல்லை. அந்த மனிதர் தம்மை என்னவாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, யாருக்கு, எந்த நிர்ப்பந்தத்தில் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. முன்னுரையும் பேட்டியும் அந்த மாதிரி. புதுமைப்பித்தன், தம் கதையில் நீதி தேடினவர்களுக்குப் பதிலாகத் தம்மை அலட்சியக்காரராகக் காட்டிக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்ட கவி என்ற பிம்பத்துக்கு எதிராகப் போ தம்மைக் கணக்கராகக் காட்டிக்கொண்டார். ஆபாசம் என்று வரப்போகும் குற்றச்சாட்டுக்கு எதிராக நாகராஜன் தம்மை நிருபராகக் காட்டிக்கொண்டார். ஒவ்வொன்றும் யாருக்கோ சொன்ன பதில். கேள்வி கேட்டவரை மறந்துவிட்டுப் பதிலை மட்டும் சாசுவதமான உண்மையாகக் கல்வெட்டில் பொறிப்பதுதான் நாம் செய்கிற தவறு.

கல்வெட்டு என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழ் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வட்டெழுத்துக்கள் இருக்கின்றன. இன்னார் செய்வித்தது என்று சொல்கின்றன. பாறையில் உளி எப்படி நடந்தது என்பதை அவை சொல்வதில்லை. அதற்குச் சிற்பத்தைத்தான் பார்க்கவேண்டும். மலையின் இன்னொரு பக்கம் குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதுகளோடும் செழிப்பான உடம்போடும் இருக்கும் அவரை ஊர் ஜனங்கள் செட்டியாராக்கிவிட்டார்கள். இடத்துக்குப் பெயரே செட்டிப்புடவு. செய்வித்தவரின் நோக்கம் அறிந்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஜனங்கள் எதிரே இருந்த கல்லைப் பார்த்தார்கள். காதைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள். பார்த்ததிலிருந்து தவறான முடிவுக்கு வந்தார்கள். பார்க்காமலே சரியான முடிவைப் பேட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிற விமர்சகனைவிட அவர்கள் எனக்கு மேலாகத் தெரிகிறார்கள்.

இதெல்லாம் பழைய சங்கதி என்று சிலர் சொல்லக்கூடும். ஆசிரியனின் உத்தேசத்தைக் கொண்டு கவிதையை மதிப்பிடுவது பிழை என்று விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-லேயே எழுதியாகிவிட்டது. ஆசிரியன் இறந்தான் என்று ரோலான் பார்த் 1967-இல் அறிவித்தார். தமிழில் தமிழவன் 1982-இல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' புத்தகம் எழுதிய பிறகு அந்த அறிவிப்பு இங்கும் வந்து சேர்ந்தது. உண்மைதான். ஆனால் அறிவிப்பைப் படித்தவர்களே அடுத்த மாதம் ஆசிரியனுக்குச் சால்வை போர்த்தி மேடையில் உட்கார வைத்து, அவன் எழுதும் நேரம் காலையா இரவா என்று கேட்டார்கள். சித்தாந்தம் ஒரு அறையில், வழக்கம் ஒரு அறையில். ஆசிரியனின் பேச்சைச் செல்லாது என்று தள்ளுவதும், வேதம் என்று கும்பிடுவதும் ஒரே சௌகரியத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் அந்தப் பேச்சைப் படிக்கவேண்டிய சிரமம் இல்லை.

நான் சொல்வது அந்தச் சிரமத்தை. எழுத்தாளன் தன் எழுத்தைப்பற்றிச் சொல்வதும் அவன் எழுத்தில் ஒன்று. அதற்கும் உருவம் உண்டு, தொனி உண்டு, எதிரே ஒரு ஆள் உண்டு. அதைக் கதையோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நமக்குக் கிடைப்பது கொஞ்சம். ஒத்துப்போகாத இடத்தில்தான் கை ஒன்றும் வாய் ஒன்றும் செய்வது தெரிகிறது. கதை அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

'செல்லம்மா'ளைப்பற்றியும் 'அக்னிப் பிரவேச'த்தைப்பற்றியும் மேலே சொன்னவற்றை யாராவது மறுக்கவேண்டும் என்பது என் விருப்பம். கதைகளை எடுத்துவைத்துப் படித்துவிட்டு, திருப்பம் நீ சொல்லும் இடத்தில் இல்லை, இங்கே இருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். ஜெயகாந்தனே ஒரு கூட்டத்தில் இப்படிச் சொன்னார், நான் கேட்டேன் என்று கடிதம் வருமானால், இந்தக் கட்டுரையை அவர்கள் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.